பூச்சரத்துக்குள் இரண்டு மைக்

போன மாதம் ஒரு சனிக்கிழமை. ஜொகூர் மாநிலம், பொந்தியானில் ஒரு மண்டபம். மாலை நாலு மணிக்கு ஆரம்பித்த இசை நிகழ்ச்சி முடிந்து, ஜனங்கள் நாற்காலிகளை இழுத்தபடி எழுந்துகொண்டிருந்தார்கள். பாடகி மேடையிலிருந்து இறங்கினார். கழுத்தில் போட்ட மாலையைக்கூடக் கழற்றவில்லை. நேராக என்னிடம் வந்தார்.

"நான் உங்களுக்கு என்ன பாவம் பண்ணேன், அக்கா?"

எனக்குப் பின்னால் யாராவது நிற்கிறார்களா என்று திரும்பிப் பார்த்தேன். இல்லை. என்னைத்தான் கேட்டார்.

அவர் பெயர் பரிமளா. பாலோவில் வீடு. குளுவாங்கில் ஒரு எலக்ட்ரானிக்ஸ் தொழிற்சாலையில் லைன் லீடர். சனி, ஞாயிறுகளில் ஒரு சின்ன இசைக்குழுவில் பாடுகிறார். சினிமாப் பாட்டு பாதி, அவர்களே எழுதி மெட்டுப் போட்டது பாதி. வயது நாற்பதைத் தாண்டியிருக்கும். குரலைப் பற்றி என்ன சொல்ல? ஆறு வருடமாக அவர் எங்கே பாடினாலும் நான் போகிறேன்… அதிலிருந்தே தெரிந்துகொள்ளுங்கள். ஆனால் அதுவரை அவரோடு ஒரு வார்த்தை பேசியதில்லை.

"ஆறு வருஷமா பாக்குறேன்க்கா. லாபிஸ், செகாமாட், குளுவாங்… எங்க பாடுனாலும் வந்துடுறீங்க. மூணாவது வரிசை, நடு சீட்டு. ஒரு கை தட்டுனதில்ல. ஒரு சிரிப்பில்ல. தலையக்கூட ஆட்ட மாட்டேங்கிறீங்க. பிடிக்கலைன்னா ஏன்க்கா வர்றீங்க?"

கோபமாகத்தான் ஆரம்பித்தார். பாதியில் கோபம் இறங்கிவிட்டது.

"மேடை ஏறுனா எனக்கு பயமா இருக்கும். ஒரு மூஞ்சியப் பிடிச்சிக்கிட்டு, அதப் பாத்துதான் பாடுவேன். எல்லா எடத்துக்கும் வர்ற ஒரே மூஞ்சி நீங்கதான்லா. இன்னிக்கு வீட்ட விட்டுக் கெளம்பும்போதே முடிவு பண்ணிட்டேன். இந்த அக்கா ஒரு வாட்டி சிரிச்சா பாடுறது, இல்லைன்னா விட்டுர்றது. நீங்க சிரிக்கல. போதும்க்கா. அடுத்த மாசம் குளுவாங் நிகழ்ச்சிக்கு வேற ஆளப் பாருங்கன்னு சொல்லிடப் போறேன்."

நான் என்ன பதில் சொன்னேன் தெரியுமா? வாரா வாரம் இந்தப் பக்கத்தில் உங்களிடம் வாய் ஓயாமல் பேசுகிறவள் நான். என் மாமியார், என் சர்க்கரை அளவு, பக்கத்து வீட்டுச் சேவல் என்று எதையும் மறைக்காதவள்.

"கழுத்து வலிம்மா" என்றேன்.

பரிமளா மாலையைக் கழற்றினார். திரும்பிப் போய்விட்டார்.

சுத்தப் பொய். என் கழுத்துக்கு ஒரு கேடும் இல்லை. கழுத்துக்குப் பின்னால், ரவிக்கைக்குள், ஒரு ஒயர் இறங்கிக்கொண்டிருந்தது. அவ்வளவுதான்.

சரி… இனி மறைத்து என்ன ஆகப்போகிறது? சொல்லிவிடுகிறேன். நான் இசை நிகழ்ச்சிகளைத் திருட்டுத்தனமாகப் பதிவு செய்கிறவள். பதினோரு வருடமாக.

போனில் அல்ல. போனைத் தூக்கிப் பிடிக்கிறவர்களைப் பார்த்தாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். என்னிடம் இருப்பது இரண்டு பழைய மைக்குகள். ஒவ்வொன்றும் பச்சைப் பட்டாணியில் பாதிதான் இருக்கும். நான் ஆரம்பப் பள்ளிக்குப் போன காலத்தில் ஏதோ கம்பெனி தயாரித்தவை. ஜொகூர் பாருவில் ஒரு பழைய சாமான் சந்தையில், பிஸ்கட் டின்னுக்குள் திருகாணிகளோடு கிடந்தன. விற்றுக்கொண்டிருந்த சீனர், காது கேட்காதவர்கள் மாட்டும் மெஷினின் உதிரிப் பாகம் என்று நினைத்திருந்தார். நான் பாலிடெக்னிக் ஒன்றில் லேப் டெக்னீஷியன். பார்த்ததும் எனக்குத் தெரிந்துவிட்டது. முகத்தில் ஆசையைக் காட்டாமல் வாங்கி வந்தேன்.

இவற்றை மூக்குக் கண்ணாடியின் இரண்டு காம்புகளிலும், காதுக்குப் பக்கத்தில் கிளிப் போட்டு மாட்டுவேன். மேலே முடியை வாரிவிட்டு, பூச்சரம் வைத்துவிட்டால் கடவுளுக்கே தெரியாது. ஒயர் முதுகு வழியாக இறங்கி, சின்ன பேட்டரிப் பெட்டிக்கும் கைப்பையில் இருக்கும் ரெக்கார்டருக்கும் போய்விடும். இடது காதுக்குக் கேட்பது இடது மைக்கில், வலது காதுக்குக் கேட்பது வலது மைக்கில். போனில் எடுத்தால் பாட்டு மட்டும் கிடைக்கும். இதில் எடுத்தால் மண்டபமே கிடைக்கும்! வீட்டில் ஹெட்ஃபோனை மாட்டிக் கண்ணை மூடினால், மூன்றாவது வரிசையில் மறுபடியும் போய் உட்கார்ந்துவிடலாம்.

ஆனால் சும்மா கிடைக்குமா? அதற்கு ஒரு விரதமே இருக்கிறது.

வளையல் கூடாது, சிணுங்கும். பட்டுப் புடவை கூடாது, சரசரக்கும். முறுக்கு, கச்சான் கடலை எதுவும் வாயில் போடக் கூடாது. தலையைத் திருப்பவே கூடாது. திருப்பினால் இடது பக்கம் இருந்த டிரம்ஸ் நடந்து வலது பக்கம் போய்விடும். யாராவது ஏதாவது கேட்டால் கண்ணால்தான் பதில். சிரிக்கக் கூடாது. ஏன் என்கிறீர்களா? சிரித்தால் கன்னம் உயரும், கண்ணாடி அசையும், மைக்கில் கரகரவென்று விழும். கை தட்டுவதோ… கேட்கவே வேண்டாம். காதுக்கு அருகே இரண்டு கையும் மோதினால் பதிவில் வெடி வெடித்த மாதிரி இருக்கும்.

என் கணவர் எல்லா நிகழ்ச்சிக்கும் என்னோடு வருவார். ஆனால் கடைசி வரிசையில்தான் உட்காருவார். நல்ல இடம் வந்தால் "ஆஹா" என்பது அவர் பழக்கம். இரண்டு பதிவுகள் அப்படிப் போனபின் நான்தான் அவரை நாடு கடத்தினேன்.

ஒரு முறை குளுவாங்கில் பக்கத்தில் இருந்த அம்மா ஒருவர் ஒயரைப் பார்த்துவிட்டார். எனக்குக் காது கேட்காது என்று நினைத்து, பாட்டு நடுவில் என் காதருகே வந்து, "சாப்டீங்களாஆஆ?" என்று கத்தினார். அந்தப் பதிவு இன்னும் இருக்கிறது. ஹெட்ஃபோனில் கேட்கும்போதெல்லாம் நாற்காலியை விட்டு எழுந்துவிடுவேன்.

அனுமதி வாங்கினாயா என்று கேட்பீர்கள். இல்லை. விற்றதில்லை, இணையத்தில் ஏற்றியதில்லை, யாருக்கும் அனுப்பியதில்லை. ஞாயிற்றுக்கிழமை துணி இஸ்திரி போடும்போது நான் மட்டும் கேட்பேன். பதிவாகிறது என்று தெரிந்துவிட்டால் பாடுகிறவர்கள் ஜாக்கிரதையாகப் பாட ஆரம்பித்துவிடுவார்கள், உயிர் போய்விடும்… இதுதான் என் வாதம். பதினோரு வருடம் என்னிடமே வாதாடி, நானே ஜெயித்துக்கொண்டிருந்தேன்.

பொந்தியானிலிருந்து குளுவாங்கில் எங்கள் வீட்டுக்குத் திரும்பும்போதுதான் ஒன்று உறைத்தது. ரெக்கார்டரை நான் நிறுத்தவே இல்லை! பரிமளா பேசியதெல்லாம் அதில் இருக்கிறது.

கணவர் வண்டியை ஓட்ட, நான் ஹெட்ஃபோனை மாட்டிக் கேட்டேன். கடைசிப் பாட்டு முடிகிறது. சுற்றிலும் கைதட்டல்… முன்னால், பின்னால், இரண்டு பக்கமும். நடுவில், நான் உட்கார்ந்திருந்த இடத்தில் மட்டும் ஒன்றுமில்லை. எத்தனை நாள் அந்த வெற்றிடத்தைப் பற்றிப் பெருமைப்பட்டிருக்கிறேன் தெரியுமா? எவ்வளவு சுத்தமான பதிவு என்று! பிறகு பரிமளாவின் குரல், நேர் எதிரே. "நான் உங்களுக்கு என்ன பாவம் பண்ணேன், அக்கா?" அதற்குப் பிறகு, எல்லாவற்றையும்விடச் சத்தமாக, என் குரல். என் வாய்க்கு அவ்வளவு பக்கத்தில் மைக் இருந்தது. என் பொய்யை நானே கேட்க எனக்குக் கூசியது.

ஹெட்ஃபோனைக் கழற்றி நடந்ததைச் சொன்னேன். ஆயர் ஈத்தாம் ஊர் தாண்டியபின் அவர் சொன்னார்.

"நீ எவ்ளோ ஒழுங்கா கேக்குறேன்னு உனக்குத் தெரியும். எனக்குத் தெரியும். அந்தப் பொண்ணுக்கு எப்படித் தெரியும்?"

"இப்ப என்னங்க பண்றது?"

"பண்றது என்ன? போய் சொல்லு."

"சொன்னா விரட்டி அடிச்சா?"

"அடி வாங்கிட்டு வா" என்றார் சாவகாசமாக. நாடு கடத்தப்பட்டவர்களுக்கு இப்படி ஒரு சந்தர்ப்பம் அடிக்கடி கிடைப்பதில்லை.

மறு ஞாயிறு மதியம் பாலோவுக்குப் போனேன். பழைய லேப்டாப், ஹெட்ஃபோன், ஒரு சின்ன டப்பாவில் மைக்குகள். அதோடு பரிமளாவின் அறுபத்துச் சொச்சம் நிகழ்ச்சிகளின் பதிவு. விசாரித்து வீட்டைக் கண்டுபிடித்தேன். பரிமளா தொழிற்சாலை யூனிஃபார்மைக் கொடியில் காயப்போட்டுக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் கையில் இருந்த கிளிப் கீழே விழுந்தது.

"அலமாக்… வீட்டுக்கே வந்துட்டீங்களா?"

"கழுத்து வலின்னு சொன்னது பொய்ம்மா" என்று ஆரம்பித்தேன். வாசலில் நின்றபடியே எல்லாவற்றையும் சொல்லி முடித்தேன். டப்பாவைத் திறந்து காட்டினேன்.

நான் எதிர்பார்த்தது என்ன? "அட, அதுதானா!" என்று சிரித்துவிடுவார் என்று. அவர் சிரிக்கவில்லை.

"ஆறு வருஷமா, எனக்குத் தெரியாம, என் குரல உங்க வீட்டுல வச்சிருக்கீங்க."

"ஆமா."

"ஒரு வார்த்த கேட்டிருந்தா நானே சீட்டு போட்டு வச்சிருப்பேனே, அக்கா! நான் ஜுரத்தோட பாடுனேனே செகாமாட்ல, அதும் இருக்கா?"

"இருக்கு."

"அத அழிங்க."

பதினோரு வருடத்தில் நான் ஒரு பதிவைக்கூட அழித்ததில்லை. "சாப்டீங்களாஆஆ" அம்மாவைக்கூடப் பத்திரமாக வைத்திருக்கிறேன். அந்த செகாமாட் பதிவில், கடைசிப் பாட்டில், குரல் தேய்ந்த ஓர் இடம் எனக்கு உயிர். ஆனால் அது என் உயிரா, அவர் குரலா? வாசல் படியிலேயே உட்கார்ந்து லேப்டாப்பைத் திறந்தேன். அவர் கண் முன்னால் அழித்தேன். அவர் திரையைப் பார்த்து உறுதி செய்துகொண்ட பிறகுதான், "உள்ள வாங்க" என்றார்.

லாபிஸ் பதிவைப் போட்டு ஹெட்ஃபோனை நீட்டினேன். அவர்களுடைய சொந்தப் பாட்டு ஒன்று இருக்கிறது. விடியற்காலையில் தொழிற்சாலை வேனுக்குக் காத்திருக்கும் பெண்களைப் பற்றியது. எழுதியதும் பரிமளாதான். சினிமாப் பாட்டு கேட்க வந்தவர்கள் இதற்குப் போரடித்து உட்கார்ந்திருப்பார்கள் என்று அவர் நினைத்திருந்தார். மேடையில் நிற்கிறவருக்கு டிரம்ஸும் கீபோர்டும்தான் கேட்கும். கீழே என்ன நடக்கிறது என்று எங்கே கேட்கும்?

பாட்டு ஓடியது. திடீரென்று பரிமளா பின்னால் திரும்பிப் பார்த்தார். அங்கே சுவர்தான் இருந்தது. எனக்குச் சிரிப்பு வந்தது. எந்த இடம் என்று எனக்குத் தெரியும். லாபிஸில் எனக்குப் பின் வரிசையில் இரண்டு பெண்கள் இருந்தார்கள். முதல் சரணத்தில் ஒருவர், "ஏய், நம்ம வேன் கததான்டி இது" என்பார். மற்றவர், "சும்மா இரு, கேக்க விடு" என்பார். அதன்பின் பாட்டு முடியும்வரை அந்தப் பக்கத்திலிருந்து பேச்சே இருக்காது. கடைசியில் யாரோ மூக்கை உறிஞ்சுவார்கள்.

பரிமளா அதை மூன்று முறை போட்டுக் கேட்டார். பிறகு ஹெட்ஃபோனைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு அழுதார். நானும் அழுதேன். கண்ணாடி அசைந்தால் அசையட்டும் என்று அழுதேன்.

"அப்ப குளுவாங்ல பாடுவீங்கதானே?" என்று கேட்டேன்.

"தெரியலக்கா. இது அவங்க. நீங்க?"

"நான்தான் சொன்னேனே பரிமளா, எனக்கு…"

"சொன்னா ஆச்சா? ஆறு வருஷம் பாத்த மூஞ்சி அது. அத இன்னும் பாத்துக்கிட்டுதான் இருக்கேன்." கொஞ்சம் யோசித்தார். டப்பாவைக் கையில் எடுத்தார். "ஒண்ணு செய்ங்க. இத எனக்கு மாட்டி விடுங்க. குளுவாங்ல ஒரு நாள் பாடுறேன். நீங்க வெறுமனே வந்து உக்காருங்க. நான் நிக்கிற எடத்துலேருந்து நீங்க எப்படி கேக்குறீங்கன்னு எனக்குத் தெரியணும். அப்புறம் சொல்றேன், பாடுறதா வேணாமான்னு."

என் மைக்குகளை இன்னொருவர் தலையில் மாட்டுவதா! மனசு கேட்கவில்லை. ஆனாலும் சரி என்றேன்.

போன சனிக்கிழமை, குளுவாங். மேடைக்குப் பின்னால் நின்று, பரிமளாவின் காதுகளுக்குப் பின்னால் இரண்டு மைக்கையும் ஹேர்பின்னால் குத்தினேன். மேலே பூ வைத்து மூடினேன். பேட்டரியும் ரெக்கார்டரும் இடுப்பில்.

நான் பட்டுப் புடவை கட்டிப் போனேன். இரண்டு கையிலும் வளையல். மூன்றாவது வரிசை, நடு சீட்டு. பக்கத்தில் என் கணவர், பல வருடங்களுக்குப் பிறகு. முதல் பாட்டுக்கே "ஆஹா" என்றார். இந்த முறை நான் முறைக்கவில்லை.

தலையைத் திருப்பலாம் என்பதே ஒரு புது அனுபவம்! ஆறு வருடமாகக் கிட்டார் வலது பக்கம் என்று மட்டும் எனக்குத் தெரியும். வாசிக்கிறவருக்கு வழுக்கை என்பது அன்றுதான் தெரிந்தது. சிரித்தேன். தலையாட்டினேன். ஊரோடு சேர்ந்து கை தட்டினேன். பரிமளா என்னைப் பார்ப்பதும், பார்வையைத் திருப்பிக்கொள்வதுமாக இருந்தார். நம்பவில்லை. பேசிவைத்துச் செய்கிற மாதிரி அவருக்குத் தெரிந்திருக்கும். எனக்கே கொஞ்சம் அப்படித்தான் இருந்தது.

வேன் பாட்டு வந்தது. அந்தப் பாட்டில் கடைசிச் சரணத்துக்கு முன்னால் எல்லா வாத்தியமும் நிற்கும். ஒரு மூச்சு விடுகிற நேரம் மௌனம். பதிவில் எனக்கு மிகவும் பிடித்த இடமே அதுதான், அப்படி ஓர் அமைதி. அன்று அந்த வரியை அவர் பாடி நிறுத்தியபோது எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. என்ன செய்கிறேன் என்று நினைக்கவில்லை.

தட்டிவிட்டேன்.

நான் மட்டும். மௌனத்தின் நட்டநடுவில், வளையல் குலுங்க, பலமாக, நாலைந்து தட்டு! மண்டபமே திரும்பிப் பார்த்தது. என் கணவர் என்னைத் தெரியாதவர் மாதிரி மின்விசிறியைப் பார்த்தார். அத்தனை வருடம் தட்டாதவளுக்கு எங்கே தட்டக் கூடாது என்று எப்படித் தெரியும்?

மேடையில் பரிமளா அப்படியே நின்றார். கீபோர்டுக்காரர் கையைத் தூக்கியபடி காத்திருந்தார். பிறகு பரிமளா சிரித்தார். மைக்கிலேயே, வாய்விட்டு. சிரிப்பு அடங்கியதும் கடைசிச் சரணத்தை எடுத்தார். அப்படி அவர் பாடி நான் கேட்டதில்லை.

நிகழ்ச்சி முடிந்து குழுத் தலைவர், "அடுத்து லாபிஸ், வர்றீங்களா இல்லையா?" என்று கேட்டபோது, பூவைக் கழற்றிக்கொண்டே, "ஏன், வராம?" என்றார். எனக்கு அந்த இரண்டு வார்த்தை போதுமாக இருந்தது.

மறுநாள் இருவரும் பாலோவில் உட்கார்ந்து அந்தப் பதிவைக் கேட்டோம். பதிவாகப் பார்த்தால் படுமோசம். அவர் குரலே எல்லாவற்றையும் அமுக்குகிறது, டிரம்ஸ் இடிக்கிறது, முடி உரசுகிறது. பிறகு அந்த மௌனம் வருகிறது. தூரத்தில், கீழே எங்கேயோ, வளையல் சத்தத்தோடு ஒரு ஜோடிக் கை.

அவர் சிரிப்பதற்குச் சற்று முன்னால் இன்னொன்றும் இருக்கிறது. மண்டபத்தில் யாருக்கும் கேட்காதது. கையில் இருந்த மைக்கைக் கீழே தாழ்த்திக்கொண்டு, தனக்குத்தானே சொல்லிக்கொண்டது. பூவுக்குள் இருந்த என் பட்டாணிகள் பிடித்துவிட்டன.

"அப்பாடா" என்கிறார்.

இந்தப் பதிவை வைத்துக்கொள்ளட்டுமா என்று கேட்டேன். என் வாழ்க்கையில் முதல் முறையாக. வைத்துக்கொள்ளுங்கள் என்றார்.

உங்களுக்கு ஒருவரைப் பிடித்திருந்தால் கையைத் தட்டிவிடுங்கள். இடம் தப்பினாலும் பரவாயில்லை.